காஸ்பரோவ், கெல்ஃபாண்ட், குரேவிச்: குடும்பப் பெயரை வைத்து ஆளைச் சொல்ல முடியுமா?

கேள்வி இது: “ஆனந்தின் செஸ் ஆட்டங்களைப் பார்க்க ஆரம்பித்த நாளிலிருந்து ‘ஓவ்’, ‘ஸ்கி’, ‘விச்’, ‘ஸ்டைன்’, ‘மன்’ என்று முடியும் பெயர்களைக் கேட்டு வருகிறேன். இவற்றுக்கெல்லாம் என்ன பொருள்? பெயரைப் பார்த்தே ஒருவர் யூதரா, ரஷ்யரா என்று சொல்லிவிடலாமா?”

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். முடியாது. ஏன் முடியாது என்று சொல்லப் புகுந்தால் முதல் கேள்விக்கான பதிலும் அதிலேயே வந்துவிடும்.

ஆனந்த் உலகப் பட்டத்துக்காக எதிரே உட்கார்ந்தவர்களையே எடுத்துக்கொள்வோம். 1995இல் நியூயார்க்கில் காஸ்பரோவ். 1963இல் பாகு நகரில் பிறந்தபோது அவருடைய குடும்பப் பெயர் வைன்ஸ்டைன். அப்பா யூதர், அம்மா அர்மேனியர். அப்பா சீக்கிரமே இறந்துபோனார். பையனுக்குப் பன்னிரண்டு வயதுவாக்கில் அம்மா வீட்டுப் பெயர் வைக்கப்பட்டது. கஸ்பர்யான் என்ற அர்மேனியப் பெயர்தான் ரஷ்ய விகுதியை ஏற்றுக் காஸ்பரோவ் என்று ஆகியிருந்தது. ஆக, கேட்டவுடன் ரஷ்யர் என்று நினைக்க வைக்கும் இந்தப் பெயரில் ரஷ்யாவுக்குச் சொந்தமானது கடைசி அசை மட்டும்தான். வைன்ஸ்டைன் ஜெர்மன் சொல். நேராகப் பிரித்தால் ‘மதுக்கல்’: திராட்சை மது வைத்த பீப்பாயின் உள்பக்கம் கெட்டியாகப் படிகிற உப்பு.

2008இல் பான் நகரில் கிராம்னிக். உக்ரைனிய மொழியில் அந்தச் சொல்லுக்குக் கடைக்காரர் என்று பொருள். 2010இல் சோஃபியாவில் டோபலோவ். ‘டோபல்’ என்றால் துருக்கியில் நொண்டி. அவருடைய நாடான பல்கேரியா சுமார் ஐந்நூறு ஆண்டுகள் உதுமானியத் துருக்கியர் ஆட்சியில் இருந்ததன் தடம் அது. 2012இல் மாஸ்கோவில் கெல்ஃபாண்ட். இது ‘யானை’! பழைய ஜெர்மனில் யானைக்கு ‘ஹெல்ஃபாண்ட்’ என்றொரு வடிவம் இருந்தது, யூதர்கள் பேசிய இத்திஷ் மொழி அதை வைத்துக்கொண்டது. ரஷ்ய எழுத்தில் ‘ஹ’ ஒலிக்குத் தனி எழுத்து இல்லை, பழைய வழக்கப்படி ‘க’ போட்டு எழுதுவார்கள். ஹாம்லெட் அங்கே காம்லெட், ஹாஃப்மன் கோஃப்மன். அப்படித்தான் ஹெல்ஃபாண்டும் கெல்ஃபாண்ட் ஆனார். இந்த ‘ஹ-க’ மாற்றத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இன்னொரு முறை வரும்.

சரி, ஸ்லாவியப் பெயர்களின் இலக்கணத்துக்கு வருவோம். ரஷ்யக் குடும்பப் பெயர்களில் பெரும்பாலானவை “நீ யாருடைய பிள்ளை?” என்ற ஒரே கேள்விக்கான பதில்கள். ‘ஓவ்’ என்பது ஆறாம் வேற்றுமை மாதிரி வேலை செய்கிற விகுதி. இவானோவ் என்றால் இவானுடைய. மூலச்சொல் ‘ஆ’வில் முடிந்தால் ‘ஓவ்’ வராது, ‘இன்’ வரும்: நிக்கிதாவின் பிள்ளை நிக்கிதின். கவிஞர் புஷ்கினின் முன்னோர் ஒருவருக்குப் புஷ்கா, அதாவது பீரங்கி, என்று பட்டப்பெயர் இருந்தது. அவர் வழிவந்தவர்கள் புஷ்கின்கள். இவை உரிச்சொற்கள் என்பதால் ஆணுக்கு ஒரு முடிவு, பெண்ணுக்கு ஒரு முடிவு: அண்ணன் இவானோவ், தங்கை இவானோவா. நடுவில் தந்தை பெயர் வேறு தனியாக வரும். மிகயில் செர்கேயெவிச் கோர்பச்சோவ் என்றால் செர்கேயின் மகன் மிகயில். ‘கோர்பாச்’ கூனன், எப்போதோ வாழ்ந்த ஒரு கூனரின் வம்சம். மரியாதையாகக் கூப்பிட வேண்டுமானால் குடும்பப் பெயரை விட்டுவிட்டு ‘மிகயில் செர்கேயெவிச்’ என்பார்கள். தந்தை பெயரைச் சேர்த்துச் சொல்வதே அங்கே ‘அவர்கள்’ போடுவது.

இந்தப் பெயர்கள் எல்லாம் மிகப் பழையவை என்று நினைத்துவிடக் கூடாது. பிரபுக்களுக்கும் வணிகர்களுக்கும் முன்பே இருந்தன. ஆனால் ரஷ்யாவின் பெருந்திரளான பண்ணையடிமைகளுக்கு 1861இல் விடுதலை கிடைத்த பிறகுதான் நிலையான குடும்பப் பெயர் பதிவேட்டில் ஏறத் தொடங்கியது. 1897 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போதும் அந்த வேலை நடந்துகொண்டிருந்தது. எழுதுகிறவர் கேட்பார், எதிரே நிற்பவர் அப்பா பெயரையோ ஊரில் கூப்பிடும் பட்டப்பெயரையோ சொல்வார், அது வம்சத்துக்கே நிலைத்துவிடும். கொல்லர் மகன் குஸ்நெத்சோவ், பாதிரியார் மகன் பப்போவ், அமைதியான மனிதரின் மகன் ஸ்மிர்னோவ்.

இங்கே எனக்கு மிகவும் பிடித்த ஒரு வகை இருக்கிறது. நெக்ராசோவ் என்றால் ‘அழகில்லாதவனுடைய’. எந்தத் தாய் பெற்ற பிள்ளைக்கு அழகில்லாதவன் என்று பெயர் வைப்பாள்? கண்ணேறுக்குப் பயந்த தாய் வைப்பாள். பிள்ளை தங்க வேண்டுமே என்று நம் பக்கம் குப்பன், பிச்சை என்று வைத்தார்களே, அதே அச்சம்தான். யூதர்களிடமும் இது உண்டு. நோய்வாய்ப்பட்ட குழந்தைக்கு ‘ஆல்டர்’, அதாவது கிழவன், என்று பெயரிட்டார்கள். குழந்தையைத் தேடி வரும் மரண தூதன் கிழவன் என்று கேட்டு ஏமாந்து திரும்பிவிடுவான் என்று நம்பிக்கை. ஆல்டர் இன்று குடும்பப் பெயராகவே இருக்கிறது. இரண்டு சமயம், இரண்டு மொழி, தாய்க்கு இருந்த பயம் ஒன்றுதான்.

ரஷ்யப் பெயர்களில் இன்னொரு கூட்டம் முழுக்க முழுக்க மேஜையில் உட்கார்ந்து செய்யப்பட்டது. கிராமத்துப் பாதிரியார்களின் பிள்ளைகள் குருமடப் பள்ளிகளில் சேரும்போது ஆசிரியர்களே புதிதாகப் பெயர் சூட்டினார்கள். திருவிழா பெயரில் ரொஷ்தெஸ்த்வென்ஸ்கி (கிறிஸ்து பிறப்பு), கோயில் பெயரில் திரோய்த்ஸ்கி (திரித்துவம்), ஸ்பாஸ்கி (இரட்சகர்). லத்தீன் தெரிந்த ஆசிரியர் என்றால் லத்தீனிலிருந்தே செய்வார். 1772இல் ஒரு கிராமப் பாதிரியாருக்குப் பிறந்த பையனுக்கு ‘நம்பிக்கை வை’ என்ற லத்தீன் வேரிலிருந்து ஸ்பெரான்ஸ்கி என்று பெயர் கிடைத்தது. அந்த மிகயில் ஸ்பெரான்ஸ்கிதான் பின்னாளில் ரஷ்யப் பேரரசின் சட்டங்களைத் தொகுத்தவர். கூடப்பிறந்த அண்ணன் தம்பிக்கே வெவ்வேறு குடும்பப் பெயர் அமைந்ததும் உண்டு. இப்படி மேஜையில் செய்த பெயர்கள் என்றால் யூதப் பெயர்கள்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் ரஷ்யத் திருச்சபையின் குருமார் குடும்பங்களுக்கும் அதே கதைதான்.

மனதைத் தொடும் இன்னொன்று. பிரபுக்களுக்குத் திருமண உறவுக்கு வெளியே பிறந்த பிள்ளைகளுக்குத் தந்தையின் பெயரில் தலையை வெட்டிவிட்டு மிச்சத்தைக் கொடுத்தார்கள். இளவரசர் துருபெத்ஸ்கோயின் மகன் பெத்ஸ்கோய். இளவரசர் ரெப்னினின் மகன் ப்னின். அந்த இவான் பெத்ஸ்கோய்தான் இரண்டாம் கேத்தரினின் ஆதரவோடு, பெற்றோர் கைவிட்ட குழந்தைகளுக்காக மாஸ்கோவில் 1764இல் தொடங்கிய பெரிய இல்லத்துக்குக் காரணமானவர். பாதிப் பெயரோடு வாழ்ந்த மனிதர் பெயரே இல்லாத குழந்தைகளுக்கு வீடு கட்டினார் என்பதை நான் முதன்முதலில் படித்த அன்று வேறு எதையும் படிக்கத் தோன்றவில்லை.

மற்ற ஸ்லாவியர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உக்ரைனியர்களின் ‘என்கோ’வும் ‘மகன்’ என்பதுதான்: செருப்புத் தைப்பவரின் மகன் ஷெவ்சென்கோ, கொல்லர் மகன் கொவாலென்கோ. கொசாக் வீரர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட பட்டப்பெயர்களும் அங்கே அப்படியே நிலைத்தன: நெப்பியவோதா, அதாவது ‘தண்ணீர் குடிக்காதே’. போலந்தின் ‘ஸ்கி’ முதலில் நிலப்பிரபுக்கள் தங்கள் ஊர்ப் பெயரோடு சேர்த்தது, பிறகு எல்லோருக்கும் பரவியது. போலந்து, செக், ஸ்லொவேனியா மூன்றிலும் முன்னணியில் இருக்கும் பெயர் நோவாக். ஊருக்குப் புதிதாக வந்தவர் என்று பொருள். செர்பியர்களின் ‘இச்’ சின்னவர் என்று பொருள் தரும் விகுதி. ஜோக்கோ என்ற செல்லப் பெயருடையவரின் பிள்ளை ஜோகோவிச்.

செக் பெயர்களில் மட்டும் கொஞ்சம் நிற்க வேண்டும். அங்கே இறந்தகால வினைமுற்றே குடும்பப் பெயராகும். போஸ்பிஷில் என்றால் ‘அவசரப்பட்டான்’. விஸ்கோச்சில் ‘வெளியே குதித்தான்’. நவ்ராதில் ‘திரும்பி வந்தான்’. அதன் பெண்பால் நவ்ராதிலோவா, நாம் மார்ட்டினா நவ்ரதிலோவா என்று எழுதுகிற டென்னிஸ் வீராங்கனையின் பெயர். தாயின் இரண்டாம் கணவர் வழியாக அவருக்கு வந்த பெயர் அது. திரும்பி வருதலைப் பெயரில் வைத்திருந்தவர் 1975இல் தன் நாட்டை விட்டு வெளியேறி அமெரிக்காவில் தஞ்சம் கேட்டார்.

இனி யூதர்கள். அவர்களுக்குக் குடும்பப் பெயர் என்ற தேவையே நெடுங்காலம் இல்லை. இன்னாரின் மகன் இன்னார், அவ்வளவுதான். ‘பென்’ என்றால் எபிரேயத்தில் மகன், ‘பத்’ என்றால் மகள். தொழுகைக் கூடத்தில் தோரா என்ற வேதத்தை வாசிக்க அழைக்கும்போது இன்றும் அப்படித்தான் அழைக்கிறார்கள், கல்லறைக் கல்லிலும் அப்படித்தான் வெட்டுகிறார்கள்.

அந்தக் கல்லறைக் கற்களைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். பிராக் நகரின் பழைய யூதக் கல்லறைத் தோட்டத்தில் கற்கள் ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்து நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. ஒரு கல்லில் இரண்டு கைகள், விரல்கள் விரிந்து, ஆசி கூறும் நிலையில். அடியில் இருப்பவர் ஆரோன் வழிவந்த ஆசாரியர் குலம், கோஹென். இன்னொன்றில் ஒரு குடுவை. அவர் லேவியர், ஆசாரியர் ஆசி கூறும் முன் கையில் தண்ணீர் வார்க்கும் உரிமை அவர்களுடையது. கத்தரிக்கோல் இருந்தால் தையல்காரர். வானியலும் வரலாறும் எழுதிய தாவித் கான்ஸ் 1613இல் இறந்தார். அவர் கல்லில் ஒரு வாத்து இருக்கிறது, ஏனென்றால் ‘கான்ஸ்’ என்றால் ஜெர்மனில் பெரிய வாத்து. சிங்கமும் மானும் நிறைய உண்டு. ஆதியாகமம் 49ஆம் அதிகாரத்தில் யாக்கோபு தன் பிள்ளைகளை ஆசீர்வதிக்கும்போது யூதாவைச் சிங்கம் என்றும் நப்தலியைப் பெண்மான் என்றும் பென்யமீனை ஓநாய் என்றும் சொல்கிறார் அல்லவா? அதிலிருந்துதான் லைப், ஹிர்ஷ், வொல்ஃப் என்ற பெயர்கள். லைபின் மகன் லைபோவிச், ஹிர்ஷின் மகன் ஹெர்ஷ்கோவிச். எபிரேய வேதம், ஜெர்மன் மிருகம், ஸ்லாவிய விகுதி, மூன்றும் ஒரே பெயரில்.

ஆசாரியர் குலத்தாருக்குக் கோஹென் தவிர வேறொரு பெயரும் உண்டு: காட்ஸ். பூனை என்ற ஜெர்மன் சொல் போல ஒலித்தாலும் அது ‘கோஹென் ட்ஸெதெக்’, நீதியின் ஆசாரியன், என்பதன் எழுத்துச் சுருக்கம். லேவியர் பதவிப் பெயர் ஒன்றின் சுருக்கம் செகால். ஓவியர் மார்க் ஷகாலின் பெயர் இந்தச் செகால்தான்.

பிறகு அரசாங்கங்கள் வந்தன. வரி வாங்க வேண்டும், படைக்கு ஆள் எடுக்க வேண்டும். ‘மோசேயின் மகன் ஆபிரகாம்’ என்று ஊரில் பத்துப் பேர் இருந்தால் எப்படிக் கணக்கு எழுதுவது? ஆஸ்திரியப் பேரரசர் இரண்டாம் ஜோசப் 1787 ஜூலை 23 அன்று ஆணையிட்டார்: 1788 தொடக்கம் முதல் யூதர் ஒவ்வொருவருக்கும் நிலையான ஜெர்மன் குடும்பப் பெயர் வேண்டும். ரஷ்யா 1804இல், நெப்போலியன் 1808இல், பிரஷியா 1812இல், ரஷ்யப் பிடியில் இருந்த போலந்து 1821இல் பின்தொடர்ந்தன.

ஜோசப்பின் ஆணையில் ஒரு கண்டிப்பு இருந்தது: எபிரேயமாக ஒலிக்கும் பெயரும் கூடாது, ஊர்ப்பெயரும் கூடாது. அப்படியென்றால் அந்தப் பேரரசின் கலீசியா மாநிலத்தில் லட்சக்கணக்கானவர்களுக்கு என்னதான் எழுதுவது? ஜெர்மன் அகராதியிலிருந்து இரண்டு அழகான சொற்களை எடுத்து ஒட்ட வேண்டியதுதான். முன்னால் தங்கம், வெள்ளி, ரோஜா, பூ; பின்னால் மலை, கல், பள்ளத்தாக்கு, மரம், வயல். கோல்ட்பெர்க் தங்கமலை, சில்பர்ஸ்டைன் வெள்ளிக்கல், ரோசென்தால் ரோஜாப் பள்ளத்தாக்கு, ரோசென்பாம் ரோஜா மரம். லஞ்சம் கொடுத்தவருக்கு ரோஜா, கொடுக்காதவருக்குக் கேவலமான பெயர் என்று ஒரு கதை பரவலாக உண்டு. இழிவான பெயர்கள் சில இருந்தது உண்மை. ஆனால் பெரும்பாலான பெயர்கள் சாதாரணமானவை அல்லது அழகானவை. அந்தக் கதையை வைத்து மொத்தப் பெயர்களையும் விளக்குவது தவறு என்பது என் கருத்து.

ரஷ்யப் பேரரசில் இந்த வேலை பெரும்பாலும் யூதச் சமூகத்தின் உள்ளூர் நிர்வாகத்தின் கைக்குப் போனது. அதனால் வட்டாரத்துக்கு ஒரு வாடை. இன்றைய பெலாரஸில் இருக்கும் மொகிலேவ் பக்கம் அம்மா, பாட்டி பெயர்களையே எடுத்துக்கொண்டார்கள். ரிவ்கா வழி வந்தவர் ரிவ்கின், சோரா (நம் வேதத்தில் சாராள்) வழி சோர்கின், மல்கா வழி மல்கின். பெண் பெயர்கள் ‘ஆ’வில் முடிவதால் ‘இன்’ வருகிறது. மேலே நிக்கிதினுக்குச் சொன்ன அதே இலக்கணம். ‘மன்’ முடிவிலும் பெண்கள் உண்டு. பெர்ல் என்ற பெண்ணின் கணவர் பெர்ல்மன். ஆண்கள் வேதப் படிப்பில் இருக்க, கடை நடத்தி வீட்டை நடத்திய பெண்ணின் பெயர்தான் ஊருக்குத் தெரிந்திருக்கும் என்ற நிலை பல வீடுகளில் இருந்தது.

தொழில் பெயர்களில் ஒரே தொழிலுக்குப் பல மொழிப் பெயர் பார்க்கலாம். தையல்காரர் இத்திஷில் ஷ்னைடர், எபிரேயத்தில் ஹயாத், ரஷ்யனில் பொர்த்னோய், உக்ரைனியத்தில் கிராவெத்ஸ். ஃபிராங்க்ஃபர்ட் யூதர் தெருவில் வீட்டுக்கு எண் கிடையாது, முகப்பில் அடையாளப் பலகைதான். சிவப்புக் கேடயம் மாட்டிய வீட்டில் இருந்தவர்கள் ரோத்ஷில்ட். அந்த வீட்டை விட்டுப் போன பிறகும் பெயர் கூடவே போனது.

ஊர்ப்பெயர்களில் ஒன்றை மட்டும் முழுதாகப் பார்ப்போம். செக் நாட்டில் ஹொரோவித்சே என்று ஒரு சிறிய ஊர். அங்கிருந்து கிளம்பிய யூதக் குடும்பம் ஹொரோவிட்ஸ். பேச்சு வழக்கில் ஹுர்விட்ஸ். ரஷ்ய எல்லைக்குள் போனதும் அந்த ‘ஹ’ விழுந்து ‘க’ ஏறுகிறது: குர்விச், குரேவிச். 1939இல் அர்த்தியோம் மிகோயான் என்ற அர்மேனியரும் மிகயில் குரேவிச் என்ற யூதரும் சேர்ந்து போர் விமானம் வடிவமைக்க ஆரம்பித்தார்கள். ‘மிகோயானும் குரேவிச்சும்’ என்பதைச் சுருக்கினால் மிக். நம் விமானப் படையில் பல்லாண்டு பறந்த மிக்-21இன் பெயரில் அந்தச் செக் ஊர் ஒரு எழுத்தாக ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது! கொங்கணக் கரையின் பெனே இஸ்ரயேல் யூதர்களும் ஊரைத்தான் பெயராக்கினார்கள், ஆனால் மராத்தியில்: ரோஹா ஊர்க்காரர் ரோஹேகர், பேண் ஊர்க்காரர் பேண்கர்.

இப்போது திரும்பவும் உங்கள் இரண்டாவது கேள்வி. தவீதோவ் என்ற பெயரைப் பார்த்தால் யூதர் என்று தோன்றும். ஆனால் நெப்போலியனை எதிர்த்துப் போரிட்ட கவிஞர் தெனிஸ் தவீதோவ் ரஷ்யப் பிரபு. தாவீது, ஆபிரகாம் எல்லாம் ரஷ்யத் திருச்சபையின் ஞானஸ்நானப் பெயர்களே. மறுபக்கம், அறிவியல் புனைகதை எழுதிய ஐசக் அசிமோவின் குடும்பப் பெயர் குளிர்காலப் பயிருக்கான ரஷ்யச் சொல்லிலிருந்து வந்தது, அவர் யூதர். ரோசென்பெர்க் என்றால் யூதப் பெயர் என்பார்கள். நாஜிக் கட்சியின் கொள்கைவாதி ஆல்ஃபிரட் ரோசென்பெர்க் பால்டிக் ஜெர்மானியர், யூதர்களை அழிக்கத் துடித்தவர்களில் ஒருவர். பெயரைக் கொண்டு யூதரைப் பிரிக்க முடியாது என்பதை அந்த ஆட்சியே ஒப்புக்கொண்டது. 1938 ஆகஸ்டில் சட்டம் போட்டு, 1939 ஜனவரி முதல், அடையாளம் தெரியும்படியான முன்பெயர் இல்லாத யூத ஆண்கள் எல்லோரும் ‘இஸ்ரயேல்’, பெண்கள் எல்லோரும் ‘சாரா’ என்று கூடுதலாகச் சேர்க்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. அதனால்தான் பெயரை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கும் விளையாட்டை யாராவது என்னிடம் ஆரம்பித்தால் நான் சேர்வதில்லை.

அப்புறம், ஒரு தவறான செய்தியையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் குடியேற வந்தவர்களைச் சோதித்து அனுப்பிய நியூயார்க்கின் எல்லிஸ் தீவில் அதிகாரிகள் வாயில் நுழையாத பெயர்களை வெட்டி மாற்றினார்கள் என்று எங்கும் எழுதுகிறார்கள். அங்கே அதிகாரிகள் பெயர் எழுதவே இல்லை. ஐரோப்பியத் துறைமுகத்தில் கப்பல் நிறுவனத்தார் எழுதிய பயணிகள் பட்டியலை வைத்துச் சரிபார்த்தார்கள், அவ்வளவே. பெயர்கள் மாறியது பிறகு: வேலைக்காக, பள்ளிக்கூடத்துக்காக, அண்டை வீட்டாருக்காக அவரவர் தாமே மாற்றிக்கொண்டார்கள்.

தாமே மாற்றிக்கொண்டவர்களில் ஒருவர் எலியேசர் பெர்ல்மன், 1858இல் இன்றைய பெலாரஸில் பிறந்தவர். ஏட்டிலும் தொழுகையிலும் மட்டும் இருந்த எபிரேயத்தை வீட்டில் பேசும் மொழியாக்கப் பாடுபட்டவர். 1881இல் பாலஸ்தீனத்துக்குக் குடிபெயர்ந்தவர், பெர்ல்மன் என்ற பெயரைக் கழற்றிவிட்டு, தன் தந்தை யூதாவின் பெயரால் பென் யெஹுதா ஆனார். அவர் மகன் இத்தமார் வளர்ந்து பத்திரிகையாளரானபோது பென் அவி என்று பெயர் வைத்துக்கொண்டார். ‘அவி’ என்றால் எபிரேயத்தில் என் அப்பா. எலியேசர் பென் யெஹுதா என்பதன் மூன்று முதலெழுத்துகளைச் சேர்த்து வாசித்தாலும் ‘அவி’ என்றுதான் வரும். அப்பாவின் இனிஷியல்.